பீப்பாய் நிரப்ப ஸ்கிரிப்ட் போட்டேன், நண்பன் விளையாட்டை விட்டுப் போய்விட்டான். இது ஏமாற்றா?

சேர்வராயன்_மழை · ஏற்காடு · ஞாயிறு இரவு 9.10

ஒரு வாரத்துக்கும் மேலாக மனசை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துப் படியுங்கள்.

நான் இங்கே ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் மூடுபனி இறங்கிவிட்டால் வெளியே போக வழியில்லை. இணையமும் வந்தால் வந்தது. அதனால் பழைய லேப்டாப்பில் ஸ்டார்ட்யூ வேலிதான் துணை. எரிக் பரோன் என்பவர் தனி ஆளாக உருவாக்கி 2016-இல் வெளியிட்ட பண்ணை விளையாட்டு. அதிலும் நான் காபிதான் போட்டிருக்கிறேன்.

விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த விளையாட்டில் காபிச் செடி பத்து நாளில் காய்க்கும். அப்புறம் இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்கலாம். ஐந்து கொட்டையை ஒரு பீப்பாயில் போட்டால் விளையாட்டுக் கணக்கில் இரண்டு மணி நேரத்தில் ஒரு காபி கிடைக்கும். நிஜக் கடிகாரத்தில் அது ஏறக்குறைய 84 வினாடி. என் கொட்டகையில் 60 பீப்பாய்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, எக்ஸ் விசையை ஒரு முறை அழுத்தி எடுத்து, இன்னொரு முறை அழுத்திக் கொட்டையைப் போட வேண்டும். ஒரு சுற்றுக்கு 120 அழுத்தல். அறுபதாவது பீப்பாய்க்கு வருவதற்குள் முதல் பீப்பாய் தயாராகி நிற்கும்.

விசைகளைத் தானாக அழுத்தவைக்கும் ஆட்டோஹாட்கி என்ற மென்பொருளில் பதினைந்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். வலப்பக்கம் கொஞ்சம் நட, எக்ஸ் அழுத்து, மறுபடி எக்ஸ் அழுத்து, காத்திரு, திரும்பச் செய். அவ்வளவுதான். முதல் முறையாக ஒரு வரிசை முழுக்கத் தானாக நிரம்பியதைப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நான் கணினி படித்தவன் அல்ல. நானே எழுதிய ஒன்று நடந்தது.

அப்புறம் இரண்டு விஷயம் நடந்தது. ஒரு நாள் விளையாட்டுக்குள் நான் நடத்தும் பாத்திரம் காபி குடித்திருந்தது. காபி குடித்தால் நடை வேகம் கூடும். ஸ்கிரிப்ட்டுக்கு அது தெரியாதே. ஒவ்வொரு பீப்பாயையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாண்டிப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அது பரவாயில்லை. இன்னொரு நாள் ஸ்கிரிப்ட் ஓடும்போதே ஒரு கணக்குப் பார்க்க எக்செல்லுக்குத் தாவினேன். மஸ்டர் ஷீட். பழம் பறிக்கும் பெண்களின் வருகைப் பதிவும் கூலிக் கணக்கும் அதில்தான் இருக்கின்றன. ஸ்கிரிப்ட் அதற்குள் எக்ஸ் எக்ஸ் என்று அடித்துவிட்டது. மறுநாள் காலை கூலி போடுவதற்கு முன் கண்ணில் பட்டது, பழைய பிரதியை வைத்துச் சரிசெய்தேன். பட்டிருக்காவிட்டால் யாரோ ஒருவருடைய ஒரு நாள் கூலி போயிருக்கும். அதை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

ஆனால் நான் கேட்க வந்தது வேறு. சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் நான்கு பேர் ஒரே பண்ணையில் சேர்ந்து விளையாடுவோம். பணம் பொதுப் பெட்டி. போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை அங்கேயும் ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. அரை மணி நேரம் கழித்து ஒரு நண்பன், "என்னடா, நூல் பிடித்த மாதிரி நடக்கிறாய்?" என்று கேட்டான். சொன்னேன். அவன் எதுவும் பேசவில்லை, வெளியேறிவிட்டான். அதற்கப்புறம் வரவே இல்லை.

நான் செய்தது தவறா? தவறு என்றால் எந்த இடத்தில் தவறு?

---

குகை_மெக்கானிக் · சேலம் · ஞாயிறு இரவு 9.32

தனியாக ஆடும் ஆட்டத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் தம்பி. காசு கொடுத்து வாங்கியது உன் விளையாட்டு, தேய்வது உன் கீபோர்டு. அதில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை விஷயம் அப்படி இல்லை. கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்.

---

பாவும்_ஊடையும் · இளம்பிள்ளை · ஞாயிறு இரவு 10.05

நாங்கள் இரண்டு தலைமுறையாகத் தறிக்காரர்கள். தாத்தா கைத்தறி, அப்பா விசைத்தறி. தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்கு எங்கள் பட்டறைதான் நினைவுக்கு வந்தது.

ஸ்கிரிப்ட் என்பது எங்களுக்குப் புதிதே அல்ல. தறியில் டிசைன் விழவைக்கும் ஜக்கார்டு பெட்டியின் மேல் ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்போம். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அந்தப் பாவு நூல், அதாவது நெடுக்கு நூல், மேலே எழும். ஓட்டை இல்லாத இடத்தில் நூல் கீழேயே நிற்கும். ஓர் அட்டைக்கு ஓர் ஊடை, அதாவது ஒரு குறுக்கு நூல். அட்டைகள் சுற்றி வந்தால் மாங்காய் பார்டர் தானாக விழும். பிரான்சில் 1804-இல் வந்த யோசனை அது. இப்போது எங்கள் ஊரில் பென் டிரைவில் டிசைன் ஏற்றும் ஜக்கார்டும் ஓடுகிறது. நீ எழுதிய பதினைந்து வரியும் பதினைந்து அட்டைதான்.

இதிலிருந்து இரண்டு விஷயம் சொல்கிறேன்.

விசைத்தறியில் ஊடை அறுந்தால் தறி தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஊடையை இழுத்துப்போகும் நாடா நூலே இல்லாமல் போய்வந்துகொண்டிருக்கும், சேலையில் பட்டை விழுந்துவிடும். நிறுத்தத் தெரியாத தறியை எங்கள் அப்பா ஓட்டவே விடமாட்டார். உன் ஸ்கிரிப்ட்டுக்கு ஊடை அறுந்தது தெரியவில்லை, அதனால்தான் கூலிக் கணக்கு வரைக்கும் போய்விட்டது. முதலில் அதைச் சரிசெய்.

இரண்டாவது. விசைத்தறி ஓட்டுவது தப்பில்லை. நாங்கள் சோறு தின்பதே அதில்தான். ஆனால் சில வகைச் சேலை, வேட்டி, துண்டுகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று 1985-லேயே கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் வந்துவிட்டது. கைத்தறி முத்திரை 2006-இல் வந்தது. ஏன் வந்தன? விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்றால், மாதக்கணக்கில் குழியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்கிறவனின் வயிற்றில் அடிக்கிறோம். எந்திரத்தில் செய்ததை எந்திரத்தில் செய்தது என்று சொல்லி விற்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

சனிக்கிழமை நீ கைத்தறி என்று சொல்லி விசைத்தறிச் சேலை கொடுத்துவிட்டாய். அதுதான் அந்தப் பையனுக்கு வலித்திருக்கும்.

---

நாலுரோடு_நைட் · சேலம் · ஞாயிறு இரவு 10.21

அண்ணா சொன்னது புரிகிறது. எனக்கு ஒரு சின்ன சந்தேகம். நான் ஓர் ஆன்லைன் விளையாட்டில் தாது வெட்டுகிறேன். ஒரே மாதிரி கிளிக், மணிக்கணக்கில். காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் மாற்றி மாற்றி வைத்தால் கண்டுபிடிக்க மாட்டார்கள்தானே? ஒரு முறை 900 மில்லி வினாடி, அடுத்த முறை 1,340, இப்படி.

---

சட்டம்_ஒழுங்கு · அஸ்தம்பட்டி · ஞாயிறு இரவு 10.48

தம்பி, நேரடியாகவே சொல்கிறேன். உன் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. மனிதக் கை மாதிரி தெரிய வேண்டும் என்று நேரத்தைக் கலைக்கத் தொடங்கிய அந்த நிமிடம், அது அங்கே கூடாது என்று உனக்கே தெரிந்துவிட்டது. சேர்வராயன்_மழை எழுதிய ஸ்கிரிப்ட்டில் காத்திருக்கும் நேரம் ஏன் இருக்கிறது? பாத்திரம் நடந்து முடிய வேண்டும் என்பதற்காக. உன் ஸ்கிரிப்ட்டில் ஏன்? ஒருவர் கண்ணில் மண்ணைத் தூவ. இரண்டும் ஒரே வரிதான், ஆனால் ஒரே செயல் அல்ல.

ஆன்லைன் விளையாட்டுகளில் பொதுவாக ஓர் அளவுகோல் இருக்கிறது. நீ ஒரு முறை அழுத்தினால் விளையாட்டில் ஒரு செயல் நடக்க வேண்டும். ஒரு விசையை இன்னொரு விசைக்கு மாற்றிக்கொள்வது பெரும்பாலும் சரி. ஒரு அழுத்தலுக்கு ஐந்து செயல், அல்லது அழுத்தாமலேயே செயல் என்றால் தடை. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில் ஒரே விசை அழுத்தலைப் பல கணக்குகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் மென்பொருளை 2020 நவம்பரில் தடை செய்தார்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில், எதிரெதிர்த் திசை விசைகளை உனக்காகத் துல்லியமாக மாற்றிக் கொடுக்கும் கீபோர்டு வசதியையே 2024 ஆகஸ்டில் அதை உருவாக்கிய வால்வ் நிறுவனம் தன் சர்வர்களில் தடுத்தது. அது தனி ஸ்கிரிப்ட்கூட இல்லை, கடையில் விற்கும் கீபோர்டிலேயே வரும் வசதி. எதிரே நிற்பவன் வருடக்கணக்கில் விரலைப் பழக்கியிருக்கிறான். அந்தப் பழக்கத்தோடுதான் நீ மோத வேண்டும்.

பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைப் பற்றி இங்கே பேசவே வேண்டாம். அங்கே ஸ்கிரிப்ட் ஓட்டினால் அது இன்னொருவன் சட்டைப்பையில் கை விடுவது.

---

நாலுரோடு_நைட் · சேலம் · ஞாயிறு இரவு 10.55

சரி அண்ணா. நியாயம்தான். யோசிக்கிறேன்.

---

ஐந்தாம்_ஆண்டு_சர்வர் · சூரமங்கலம் · திங்கள் காலை 7.15

நான் பள்ளிப் பிள்ளைகளுக்காக கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஒரு சின்ன சர்வர் நடத்துகிறேன். இருபது பேர் வருவார்கள், எல்லாரும் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள். ஐந்து வருஷமாக இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் எழுதுகிறேன்.

எங்கள் சர்வரில் ரெட்ஸ்டோன் எந்திரம், அதாவது விளையாட்டுக்குள்ளேயே கிடைக்கும் தாதுவை வைத்துக் கட்டும் எந்திரம், எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் கட்டலாம். கரும்பு வெட்டும் எந்திரம், கோழிப் பண்ணை, எல்லாம். வெளியிலிருந்து ஓடி மவுஸைத் தானாக அழுத்தும் ஆட்டோ கிளிக்கருக்கு அனுமதி இல்லை. இரண்டும் தானியங்கிதானே, என்ன வித்தியாசம் என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. ரெட்ஸ்டோன் எந்திரம் எல்லார் கண் முன்னாலும் நிற்கிறது. போய்ப் பார்க்கலாம், எப்படி ஓடுகிறது என்று கற்கலாம், அதே மாதிரி கட்டலாம். கட்டுவதற்குக் கல்லும் தாதுவும் சேர்க்க வேண்டும். ஆட்டோ கிளிக்கர் யார் கண்ணிலும் படாது. அது ஓடுகிறது என்று ஓட்டுபவனுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு வருஷம் இப்படி நடந்தது. ஒரு பையன் ராத்திரி முழுக்க கிளிக்கரைப் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறான், மீன்பிடி எந்திரத்தில். காலையில் அவன் பெட்டியில் மந்திரப் புத்தகங்கள் குவிந்து கிடந்தன. அவற்றைச் சர்வர் கடையில் அடிமாட்டு விலைக்குப் போட்டான். அதே புத்தகம் ஒன்றே ஒன்றுக்காக மூன்று நாள் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண், ஆறாம் வகுப்பு, கடையைப் பார்த்துவிட்டு "அப்போ நான் பிடித்ததுக்கு ஒண்ணுமே இல்லையா அங்கிள்?" என்று கேட்டாள். அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குத்தான் விதியை எழுதி மாட்டினேன்.

இதை விளையாட்டை உருவாக்கியவர்களே உணர்ந்திருக்கிறார்கள். 2020-இல் வந்த 1.16 பதிப்பில், சுற்றிலும் திறந்த நீர் இருந்தால்தான் மீன்பிடியில் புதையல் கிடைக்கும் என்று மாற்றினார்கள். பழைய குறுகிய எந்திரங்களில் மீன் வரும், புத்தகம் வராது.

இன்னொன்றும் உண்டு. சர்வர் ஒரு வினாடிக்கு இருபது முறை உலகத்தைக் கணக்கிடுகிறது. ஆளில்லாமல் ராத்திரி முழுக்க ஓடும் எந்திரங்கள் கூடினால் அந்த இருபது பதினைந்தாகும், பத்தாகும். அப்போது எல்லாருக்கும் விளையாட்டு இழுக்கும். ஒரே கிணற்றில் ஒருவர் மட்டும் மோட்டார் வைத்த கதைதான். நமக்கு அது புரியாதா?

---

கொலுசு_அக்கா · செவ்வாய்ப்பேட்டை · திங்கள் மதியம் 1.40

எல்லாரும் நியாயம் பேசுகிறீர்கள், நல்லது. கையைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பேசுகிறேன்.

பதினெட்டு வருஷமாக வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கிறேன். காலையிலிருந்து மாலை வரை ஒரே அசைவு. வலது மணிக்கட்டு போய்விட்டது. இரவில் மரத்துப்போகும், பாத்திரம் கழுவும்போது டம்ளர் நழுவும். எனக்கு விளையாட்டு பிடிக்கும். பையன் வாங்கிய கம்ப்யூட்டரில் அவன் தூங்கினபிறகு நான் ஆடுவேன். ஆனால் "இந்தப் பட்டனை வேகமாக முப்பது முறை அழுத்து" என்று ஒரு விளையாட்டு கேட்டால் என்னால் முடியாது. பையன்தான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தான். ஒரு விசையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் அது திரும்பத் திரும்ப அழுத்தியதாகக் கணக்காகும். விட்டால் நின்றுவிடும்.

இது ஏமாற்று என்று ஒருவர் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கதையை நான்தான் பார்க்கிறேன், முடிவை நான்தான் எடுக்கிறேன், சாவதும் நான்தான். விரல் வேலையை மட்டும் அது செய்கிறது. விளையாட்டு செய்கிறவர்களே இதைப் புரிந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 2020-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் உடல் சிரமம் இருப்பவர்களுக்காக அறுபதுக்கு மேற்பட்ட அமைப்புகள் வைத்தார்கள். திரும்பத் திரும்ப அழுத்துவதற்குப் பதில் பிடித்துக்கொண்டால் போதும் என்பதும் அதில் ஒன்று. மைக்ரோசாஃப்ட் 2018-இல் பெரிய பட்டன்கள் வைத்த தனிக் கன்ட்ரோலரே கொண்டுவந்தது. விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் எத்தனையோ வருஷமாக இருக்கிறது. ஷிஃப்டையும் இன்னொரு விசையையும் சேர்த்துப் பிடிக்க முடியாதவர்களுக்காக வைத்தது.

அஸ்தம்பட்டித் தம்பிக்கு ஒரு கேள்வி. ஒரு அழுத்தலுக்கு ஒரு செயல் என்கிறாய். என் ஒரு அழுத்தலுக்கு எத்தனை நாள் வலி என்று அந்த விதிக்குத் தெரியுமா?

---

சட்டம்_ஒழுங்கு · அஸ்தம்பட்டி · திங்கள் மதியம் 2.25

அக்கா, நீங்கள் சொன்னது சரி. நான் அந்தப் பக்கத்தை யோசிக்கவே இல்லை. நான் சொன்ன விதி எதிரே இன்னொரு ஆள் போட்டிக்கு நிற்கும் இடத்துக்கு மட்டும். உங்கள் ஸ்கிரிப்ட் நீங்கள் விசையை விட்டால் நிற்கிறது. நீங்கள் இல்லாமல் அது ஆடவில்லை. அதை நான் ஏமாற்று என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆன்லைனில் ஆடும்போது மட்டும் அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். எந்திரம் தடை செய்யும்போது மணிக்கட்டைப் பார்க்காது. எழுதுவதற்கு உதவி வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன்.

---

மூன்றாம்_செமஸ்டர் · அயோத்தியாப்பட்டணம் · திங்கள் இரவு 8.50

என் கதையையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். மூன்று வருஷம் ஆடிய ஆன்லைன் கணக்கு ஒன்று இருந்தது. ஒரு வீடியோவின் கீழே, நமக்குப் பதில் தானாகவே ஆடும் பாட் நிரல் ஒன்றின் இணைப்பு கொடுத்திருந்தார்கள். நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னது. அணைத்தேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் என் மின்னஞ்சல் கடவுச்சொல்லை யாரோ மாற்றிவிட்டார்கள். அதை மீட்பதற்குள் விளையாட்டிலும் கணக்கைத் தடை செய்துவிட்டார்கள். அதிலிருந்த நண்பர்கள் பட்டியல் முழுக்கப் போனது. அவர்களில் பாதிப் பேருடைய நிஜப் பெயர்கூட எனக்குத் தெரியாது, திரும்பத் தேடவும் முடியவில்லை.

மழை அண்ணா செய்ததில் எனக்குப் பிடித்தது இதுதான்: பதினைந்து வரி, தானே எழுதியது, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரியும். வேறு ஒருவன் கட்டிக் கொடுத்த மூட்டையை மட்டும் திறக்காதீர்கள்.

ஸ்கிரிப்ட் எழுதும் ஆசைதான் என்றால் அதற்காகவே விளையாட்டுகள் இருக்கின்றன. தி ஃபார்மர் வாஸ் ரீப்ளேஸ்டு என்ற விளையாட்டில் பைத்தான் மாதிரியான மொழியில் எழுதித்தான் டிரோனை ஓட்டி விவசாயம் செய்ய வேண்டும். ஸ்க்ரீப்ஸில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதி மற்றவர்களோடு மோதலாம். ஃபேக்டோரியோ முழுக்கத் தானியங்கிதான். நான் இப்போது முதலாவதில் இருக்கிறேன். கல்லூரியில் புரியாத லூப் (ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்வது) இங்கே பூசணிக்காய் நட்டபோது புரிந்தது.

---

குகை_மெக்கானிக் · சேலம் · திங்கள் இரவு 9.30

மழை தம்பி, ஊடை அறுந்தால் நிற்பதற்கு வழி சொல்கிறேன். ஆட்டோஹாட்கியின் இரண்டாம் பதிப்பு என்று வைத்துக்கொள்.

முதல் வேலை, லூப்பின் உள்ளே ஒவ்வொரு அழுத்தலுக்கு முன்னும் விளையாட்டு ஜன்னல்தான் முன்னால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு வின்ஆக்டிவ் என்ற கட்டளை இருக்கிறது. இல்லை என்றால் லூப்பை விட்டு வெளியேறிவிடு. "காத்திரு" என்று வைக்காதே. நீ எக்செல்லை மூடிவிட்டு வரும்போது பாத்திரம் எங்கே நிற்கிறதோ யாருக்குத் தெரியும். அடுத்து, எஃப்8 விசைக்கு எக்ஸிட்ஆப் கொடு. எந்த நேரத்தில் அழுத்தினாலும் ஸ்கிரிப்ட் மொத்தமாக நின்றுவிடும். அப்புறம், முடிவில்லாத லூப் வேண்டாம். ஒரு வரிசையில் இருபது பீப்பாய் என்றால் இருபது என்றே எழுது. வரிசை முடிந்ததும் நீ பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்கு.

பைத்தான் பக்கம் போனால் இதே வேலைக்கு பைஆட்டோஜியுஐ என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது. மவுஸைத் திரையின் இடது மேல் மூலைக்குத் தள்ளினால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும் என்று அதிலேயே வைத்திருக்கிறார்கள். அதை அணைக்கச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதே.

காபி குடித்து வேகம் கூடும் பிரச்சினைக்கு விசை அழுத்தும் ஸ்கிரிப்ட்டில் தீர்வு இல்லை. அது குருடு. ஸ்மாப்பி என்ற துணை நிரல் வழியாக ஓடும் ஆட்டோமேட் என்ற மாட் (விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல்) இருக்கிறது. பீப்பாயை ஒட்டி ஒரு பெட்டி வைத்தால் அதிலிருந்து கொட்டையை எடுத்து, காபியை அதிலேயே போடும். அது விளையாட்டின் உள்ளே இருந்து பார்ப்பதால் தடுமாறாது. ஒன்றை மட்டும் நினைவில் வை. சேர்ந்து ஆடும் பண்ணையில் பண்ணையை நடத்துபவர் அதைப் போட்டால் எல்லாருடைய பீப்பாய்க்கும் அது ஓடும். நால்வரையும் கேட்காமல் போடாதே.

---

மாங்கா_மரத்தடி · கொண்டலாம்பட்டி · செவ்வாய் இரவு 11.15

அந்த நண்பன் நான்தான். இளம்பிள்ளை அண்ணன் எழுதியதை ஒருவர் அனுப்பிவைத்தார், படித்தேன்.

ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லைடா. காசு பொதுப் பெட்டியில்தானே விழுந்தது, எனக்கு என்ன நஷ்டம். ஆறு மாதமாக எனக்கு நைட் ஷிஃப்ட். வாரத்தில் சனிக்கிழமை ஒரு ராத்திரிதான் லீவு. நீ கீழ்வரிசை, நான் மேல்வரிசை என்று பீப்பாயை நிரப்பிக்கொண்டே பேசுவோமே, உன் அப்பாவின் ஆபரேஷன் பற்றி, என் வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு பற்றி. அன்றைக்கும் நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். கம்பெனியில் ஆள் குறைக்கப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீ "ம்" கொட்டவே இல்லை. நெட் போய்விட்டதோ என்று நினைத்து உன் பாத்திரத்தைப் பார்த்தால் அது நடந்துகொண்டிருந்தது. நீ அறையிலேயே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

---

சேர்வராயன்_மழை · ஏற்காடு · செவ்வாய் இரவு 11.40

அடுப்பில் பால் வைத்திருந்தேன், அதைப் பார்க்கப் போனேன். அப்புறம் அங்கேயே போனைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். நீ ஆள் குறைப்பு பற்றிச் சொன்னது என் காதில் விழவே இல்லை. இப்போதுதான் தெரிகிறது. மன்னித்துவிடு.

குகை அண்ணன் சொன்ன மூன்று மாற்றத்தையும் செய்துவிட்டேன். அது என் தனிப் பண்ணையில் மட்டும் ஓடும். சனிக்கிழமைப் பண்ணையில் ஸ்கிரிப்டும் இல்லை, ஆட்டோமேட்டும் இல்லை. மற்ற இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன்.

உனக்கு இப்போது போன் போடுகிறேன், எடு. சிக்னல் கிடைக்காவிட்டால் நாளைக்குக் கடைசி பஸ்ஸில் கீழே இறங்கி வருகிறேன்.

---

மாங்கா_மரத்தடி · கொண்டலாம்பட்டி · செவ்வாய் இரவு 11.44

பஸ்ஸெல்லாம் வேண்டாம். போடு, எடுக்கிறேன். சனிக்கிழமை மேல்வரிசை எனக்கு.